குவைத்திலிருந்து ஏழாம் வாய்ப்பாடு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது பெரும்பாலும் மூடித்தான் இருக்கும் என்று ஆட்டோக்காரர் பெருமையோடு சொன்னார், ஊர்க் கோபுரத்தைக் காட்டுகிறவர் மாதிரி. ரயில் எதுவும் போகவில்லை. ஒரு இன்ஜின் மட்டும் தனியாக முன்னால் போய், நின்று யோசித்து, மறுபடி பின்னால் வந்துகொண்டிருந்தது. பெட்டிகளைக் கழற்றி வேறு தண்டவாளத்தில் மாட்டுகிறார்களாம். இரண்டு பக்கமும் பேருந்துகள், நெல் மூட்டை லாரிகள், நடுவில் ஒரு கல்யாண வேன். மாப்பிள்ளையே இறங்கி வந்து வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஈப்போவில் சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்றாலே ஹாரன் கதறும். இங்கே நாற்பது நிமிடம் நின்றோம். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. பக்கத்து வண்டிக்காரரின் மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஆசிரியை. நவம்பர் கடைசியில் எங்களுக்கு ஆண்டு விடுமுறை. அந்த விடுமுறையில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில், ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுக்க வந்திருந்தேன். ‘வகுப்பறைக்கு எளிய தொழில்நுட்பம்’ என்று அதற்கு நானே பெயர் வைத்தேன். பள்ளியின் தலைமையாசிரியை ஹெலன் டீச்சர் இணையத்தில் ஒரு ஆசிரியர் குழுவில் பழக்கமானவர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “கெட்டதா எழுதினா ஊரு கோச்சுக்கும். நல்லதா எழுதினா வாரத்துக்கு ஒரு அதிகாரி பாக்க வருவாங்க. எனக்கு ரெண்டும் வேணாம்.”

ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மொபெட் நின்றது. அதன்மேல் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கைப்பிடியில் கறிகாய்ப் பை. அவர் பேசினால் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும். அப்படியொரு குரல்.

“நாளையிலேர்ந்து அஞ்சு நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வீட்டுக்குப் போக முடியாதுப்பா,” என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். “மலேசியாவிலேர்ந்து ஒரு அம்மா வருதாம், எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர. இங்க கரண்ட்டே பாதி நேரம் இல்ல. கம்ப்யூட்டரைப் பூஜை பண்ணித்தான் வச்சிருக்கோம்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க எங்கம்மா, கல்யாணத்துக்கா?” என்றார்.

“அது மாதிரிதாங்க,” என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலையச் சீட்டையும் பார்த்தார். நல்ல மனிதர், என்னைக் காட்டிக்கொடுக்காமல் இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மாலை பள்ளியில் ஏழு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெஞ்சில் மொபெட்காரர். பெயர் ராமநாதன், நான்காம் வகுப்பு, கணக்கு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நோட்டைத் திறந்து அதற்குள்ளேயே போய்விட்டார்.

நான் அறுபத்து மூன்று சிலைடு தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். மூன்று மாத உழைப்பு. பள்ளிக் கணினியில் போட்டதும் முதல் சிலைடில் ஒரு வரி முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன. இரண்டாவதிலும் கட்டங்கள். என் தமிழ் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. வெளியூர் போகும்போது எழுத்துருவையும் கூடவே எடுத்துப் போக வேண்டும் என்பது நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

“மேடம், இது கோலம் கிளாஸா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

பன்னிரண்டாவது சிலைடு மட்டும் நன்றாகத் தெரிந்தது. அது எழுத்தில்லை, நான் கையால் எழுதிப் படம் பிடித்துப் போட்டது: ‘எதையும் இரண்டு இடத்தில் சேமித்து வை.’ அதை விளக்க ஆரம்பித்ததும் மின்சாரம் போயிற்று. எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அந்த டீயைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் டீயை ஒரு முழம் தூக்கி ஆற்றிப் பெரிய வித்தை மாதிரிக் காட்டுவோம். இங்கே டீக்கடை அம்மாள் ஒரு கையால் ஆற்றிக்கொண்டே இன்னொரு கையால் தன் மருமகளிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வரிசையின் ஓரத்தில் ஒரு ஆசிரியை இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் சிரித்தபோது அவரும் சிரித்தார், ஆனால் சத்தம் வரவில்லை. கழுத்தில் ஒரு கயிறு கட்டி, அதில் சிறு நோட்டும் பென்சிலும் தொங்கவிட்டிருந்தார். நான் பெயர் கேட்டதும் நோட்டில் எழுதிக் காட்டினார்: ‘வளர்மதி. மூன்றாம் வகுப்பு. பேசக் கூடாது.’

ஹெலன் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வளர்மதியின் குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது. பதின்மூன்று வருடம் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் வந்தது. மூன்று மாதம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். மருத்துவ விடுப்பெல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. இனி எடுத்தால் சம்பளமில்லா விடுப்பு. அந்த வகுப்புக்கு மாற்று ஆசிரியரும் கிடையாது.

“அதைவிடப் பெரிய விஷயம், பெத்தவங்க பெட்டிஷன் போட்டுட்டாங்க மேடம். பேசாத டீச்சர்கிட்ட புள்ளைய எதுக்கு விடணும்னு. இங்கிலீஷ் மீடியம் வேன் வாசல்லயே வந்து நிக்குது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து வளர்மதி கிளாஸைப் பாக்கப் போறாரு. நடத்த முடியலன்னு அவர் எழுதிட்டா, இருபத்தி ரெண்டு புள்ளைங்களும் அந்த வேன்ல ஏறிடும்.”

“இதை ஏன் எனக்கு முன்பே எழுதவில்லை?”

“எழுதினா நீங்க கம்ப்யூட்டருக்கு வருவீங்களா, தொண்டைக்கு வருவீங்களான்னு ஒரு குழப்பம்.”

அன்று என் அறுபத்து மூன்று சிலைடுகளையும் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வளர்மதியின் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அவர் கரும்பலகையில் எழுதுவார். பிள்ளைகள் முதல் வரியைப் படிப்பார்கள், இரண்டாவது வரியில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கிள்ளுவான், மூன்றாவது வரியில் சந்தைக்கடை. கூப்பிட்டு அதட்டக் குரல் இல்லை. மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு அரைச்சுவர் மட்டுந்தான். அந்தப் பக்கத்திலிருந்து ராமநாதன் சாரின் பின்னக் கணக்கு இடி மாதிரி வந்து விழுந்துகொண்டிருந்தது. வளர்மதி என் நோட்டில் எழுதினார்: ‘இதுக்கு மேலே கத்தித்தான் பதின்மூன்று வருஷம் ஓட்டினேன்.’

முதலில் எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். எழுதியதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. இணையமும் வேண்டாம், மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் ஓடும். அறிவியல் பாடத்தின் நான்கு வரியைத் தட்டிக் கொடுத்தேன். “த-ண்-ணீர்-சூ-டா-னால்-ஆ-வி-ஆ-கும்,” என்றது கணினி, ஜலதோஷம் பிடித்த ரோபோவைப் போல. வகுப்பு ஒரு கணம் திகைத்தது. பிறகு இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் ரோபோ ஆனார்கள். “டீ-ச்-சர்-ஒ-ண்-ணுக்-குப்-போ-க-லா-மா?” அன்று மதியம் சத்துணவுக் கூடத்தில் முட்டை கேட்டதுகூட அந்தக் குரலில்தான்.

மற்ற ஆசிரியர்கள் யாராவது பாடத்தைப் பேசிப் பதிவு செய்து கொடுக்கலாமே என்றேன். ராமநாதன் சார் உடனே முன்வந்தார். அவர் குரலைப் பதிவு செய்து ஓடவிட்டதும் பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அமைதி வந்தது. ஆனால் அது பயந்த அமைதி, பாடம் உள்ளே போகிற அமைதி இல்லை. கேள்வி கேட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பள்ளி விட்ட பிறகு நாங்கள் நான்கு பேர் மட்டும் அந்த வகுப்பில் இருந்தோம். என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. வளர்மதி வருகைப் பதிவேட்டைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு கரும்பலகைக்குப் போய் எழுதினார்:

‘ஒன்பது பிள்ளைகளின் அப்பா வெளிநாட்டில். சிங்கப்பூர் 4, குவைத் 3, துபாய் 1, மலேசியா 1. அவர்களுக்கும் தொண்டை இருக்குல்ல?’

ஹெலன் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். “அடிப் பாவி,” என்று அவரைக் கட்டிக்கொண்டார்.

செய்ய வேண்டியது எளிது. பாடப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் தன் போனில் அதைப் படித்துப் பதிவு செய்து என் எண்ணுக்கு அனுப்புவார். ஒரு பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்குமேல் போனால் மூன்றாம் வகுப்பு வேறு உலகத்துக்குப் போய்விடும். ஒரு பதிவில் ஒரே விஷயம். நடுவில் ஒரு கேள்வி கேட்டு, ஐந்து வரை மனதுக்குள் எண்ணிவிட்டு மேலே படிக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது முதலில் பாடம், பிறகு அப்பா பெயர். இவ்வளவுதான் என் மொத்தப் பயிற்சியும். அறுபத்து மூன்று சிலைடு ஒரு தாளின் பாதிப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

ஒரே தடை, ஊரில் இணைய சிக்னல் கிடைக்காது. வாய்க்கால் மதகின் மேல் நின்றால் மட்டும் கிடைக்கும். அதுவும் மேற்குப் பார்த்து நின்றால்தான். அன்று மாலை ஒன்பது அம்மாக்களும் போனோடு மதகுக்கு வந்தார்கள். வயல் வேலை முடிந்து அந்த வழியாகப் போனவர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

“என்ன அங்க கூட்டம், தண்ணி தொறக்குறாங்களா?”

“இல்ல, அப்பாவைத் தொறக்குறாங்க,” என்றாள் ஒரு அம்மா.

புதன்கிழமை மழை விடுமுறை. எங்கள் ஊர் மழை அலுவலகம் போகிறவரைப் போல மூன்று மணிக்கு வந்து நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். இங்கே வருவது விருந்தாளி மழை, வந்தால் நான்கு நாள் தங்கும் என்றார்கள். சம்பா பயிர் கழுத்தளவு தண்ணீரில் நின்று எங்களைப் பார்த்தது. நாங்கள் ஹெலன் டீச்சர் வீட்டில் கூடினோம்.

அங்கே வேறொரு சிக்கல் தீர வேண்டியிருந்தது. போனின் ஒலி ஒரு வகுப்பு முழுக்கக் கேட்காது. ஒலிபெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். போனைப் பாத்திரத்துக்குள் வைத்தால் ஒலி பெருகும் என்று சொன்னேன். உடனே ஹெலன் டீச்சரின் சமையலறை காலியாயிற்று. எவர்சில்வர் டம்ளரில் வைத்ததும் குரல் கொசு மாதிரி ஆனது. இட்லிப் பானையில் கோயில் மணி அடித்த மாதிரி அதிர்ந்தது. பித்தளை அண்டாவில் வைத்ததும் ராமநாதன் சாரின் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டு, அங்கிருந்து ஒருவர் என்ன தகராறு என்று குடையோடு வந்துவிட்டார். ராமநாதன் சார் நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பத்துக்கு மார்க் போட்டார். கடைசியில் வாய் அகலமான ஒரு மண்பானை எட்டரை வாங்கி முதலிடம் பிடித்தது.

மதியம் விரால் மீன் குழம்பு. அதற்கு ஈடாகச் சொல்ல எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை, என் நாட்டுப்பற்று இங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது என்று ஒப்புக்கொள்கிறேன். ராமநாதன் சார் சைவம். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டார். “மீன் வாசனையோட தயிர் சாதம் இன்னும் தூக்கலா இருக்கு டீச்சர். எங்க வீட்ல சொல்லிடாதீங்க.”

கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“மேடம், அந்தப் புள்ள தொண்டை போனதுக்கு நான்தான் காரணம்.”

“அப்படியெல்லாம் இல்லைங்க சார்.”

“இல்ல மேடம். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நான். பதிமூணு வருஷமா என் சத்தத்துக்கு மேல அது கத்தியிருக்கு. ஒரு நாள்கூட ‘சார், கொஞ்சம் மெதுவா’ன்னு சொன்னதில்ல. எனக்கும் தோணல. டாக்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.” பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, “கேட்ல பேசினதை மனசுல வச்சுக்காதீங்க,” என்றார்.

“எந்த கேட்?” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழை கொஞ்சம் விட்டதும் நாலு மணிக்கு எல்லாரும் குடையோடு மதகுக்குப் போனோம். அப்பாக்கள் ஒவ்வொருவராக என் போனில் வந்து இறங்கினார்கள். சிங்கப்பூரில் ஒருவர் கட்டட வேலையின் உணவு இடைவேளையில் பேசியிருந்தார். பின்னால் கம்பம் இறக்குகிற இயந்திரம் தொம் தொம் என்று அடித்தது. அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த தொம்முக்குச் சரியாக முடித்திருந்தார். இன்னொருவர் எட்டுப் பேர் தங்கும் அறையில் போர்வைக்குள் புகுந்து பேசியதால் ஏதோ ராணுவ ரகசியம் சொல்வது போல இருந்தது. மலேசியாவில் பினாங்கிலிருந்த அப்பா பாடத்தின் முடிவில், எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வை ஒட்டி, ‘எல்லாரும் நல்லா படிங்கலா’ என்று சேர்த்திருந்தார். எனக்கு ஊர் ஞாபகம் வந்து ஒரு நிமிடம் பேச முடியவில்லை. வளர்மதி என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்து, ‘நீங்களுமா?’ என்பது போலக் கண்ணால் கேட்டார்.

குவைத்தில் வெல்டிங் பட்டறையில் இருக்கும் செல்வம் ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கம்பீரமான குரல். “ஏழொண்ணு ஏழு” என்று ஆரம்பித்துத் தடங்கலில்லாமல் போய், “ஏழெட்டு ஐம்பத்து நாலு” என்றார்.

ராமநாதன் சார் பதறிப்போனார். “அம்பத்தாறு! அம்பத்தாறுங்க! திரும்பப் படிக்கச் சொல்லுங்க.”

வளர்மதி நோட்டில் எழுதினார்: ‘இருக்கட்டும்.’

வியாழக்கிழமை பள்ளி திறந்தது. வளர்மதி மேசைமேல் பானையை வைத்தார். அன்றைய பாடத்தைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் நான்கே வரி எழுதியிருந்தார். போனைப் பானைக்குள் இறக்கினார். உள்ளே கட்டட இயந்திரம் தொம் என்றது. “தண்ணிய அடுப்புல வச்சா என்ன ஆகும்? யோசிங்க,” என்றது சிங்கப்பூர். ஐந்து வரை எண்ணுகிற இடைவெளி. அந்த இடைவெளியில் வளர்மதி வகுப்பைச் சுற்றி வந்து ஒருத்தியைக் கையால் காட்டினார். அவள் பதில் சொன்னாள். ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்துவார், எழுதுவார், சைகை காட்டுவார், மறுபடி அழுத்துவார். முதல் வரிசையில் பவித்ரா என்று ஒரு பெண். பாடம் முடிந்த பிறகும் அவள் எழுந்து வெளியே போகவில்லை. என்னவென்று கேட்டேன்.

“அது எங்க அப்பா மிஸ்.”

“நல்லாப் படிச்சாரே.”

“எங்கிட்ட போன்ல ‘சாப்டியா, படிச்சியா, அம்மாகிட்ட குடு’ அவ்ளோதான் பேசுவாரு. இவ்வளவு நேரம் பேசினதே இல்ல.” பிறகு பானையைக் காட்டி, “இன்னொரு வாட்டி போடுங்களேன்,” என்றாள்.

போட்டேன்.

அன்று மாலை துபாய் அப்பாவின் பதிவு மட்டும் பாக்கி. நானே மதகுக்குப் போனேன், மற்ற மூவரும் கூட வந்தார்கள். எல்லாப் பதிவும் என் போனில்தான் இருந்தது. சிக்னல் ஒரு கோடு காட்டியது, இரண்டாவது கோட்டுக்காகக் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். துபாய் வந்து சேர்ந்தார் என்று திரை சொன்னது. நான் மகிழ்ச்சியில் கையை அசைத்திருக்க வேண்டும். டபக்.

மழைத்தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ராமநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் வரை இறங்கித் துழாவினார். ஒரு ஒற்றைச் செருப்பு கிடைத்தது. ஹெலன் டீச்சர் “கர்த்தரே” என்றார். வளர்மதி கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.  இருபத்தாறு வருட ஆசிரியை, ‘இரண்டு இடத்தில் சேமித்து வை’ என்று கையால் எழுதிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவள், ஒரே இடத்தில் வைத்து அதையும் வாய்க்காலில் போட்டுவிட்டேன். 

ராமநாதன் சார் கரையேறி, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். ஓரம் உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட போன்.

“நேத்து ஒண்ணொண்ணா வந்தப்பவே எல்லாத்தையும் இதுல ஏத்திக்கிட்டேன் மேடம். உங்க சிலைடுல அது ஒண்ணுதான படிக்கிற மாதிரி இருந்துச்சு.”

வளர்மதி அவரைக் கும்பிட்டார். அவர் பதிலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த ஒற்றைச் செருப்பை ஹெலன் டீச்சரிடம் கொடுத்தார்.

துபாய்க்காரர் மட்டும் தண்ணீரோடு போனார். விஷயத்தைச் சொன்னதும் மறுநாள் காலையே திரும்பப் படித்து அனுப்பினார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கல்வி அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். குடையை மடக்கி, பிள்ளைகளின் பெஞ்சிலேயே கடைசியில் உட்கார்ந்தார், முழங்கால் மார்பில் இடித்தது. பெட்டிஷன் போட்டவர்களின் சார்பில் மாலதி என்ற அம்மா வாசலோரம் நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் ராமநாதன் சார் தன் வகுப்பைச் சத்துணவுக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

அறிவியல் பாடம் நன்றாகவே போயிற்று. பாதியில் மின்விசிறி நின்றது, பானை நிற்கவில்லை. அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து வளர்மதி ஏழாம் வாய்ப்பாட்டைப் போட்டார். செல்வத்தின் குரல் பானைக்குள்ளிருந்து முழங்கியது. பிள்ளைகள் கூடவே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

“ஏழெட்டு ஐம்பத்து நாலு.”

“ஐம்பத்தாறு!” என்று கூரை அதிர்ந்தது. இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். செல்வத்தின் மகன் எல்லாருக்கும் மேலே கத்தினான்: “தப்பு தப்பா சொல்றாரு டீச்சர்! அவர் எப்பவும் இப்படித்தான்!”

வளர்மதி பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, கைகளை விரித்து, ‘எப்படி?’ என்று கேட்டார். ஒரு பெண் கரும்பலகைக்கு ஓடி எட்டு வரிசையில் ஏழு ஏழு புள்ளியாக வைத்து எண்ணிக் காட்டினாள். ஐம்பத்தி நாலு, ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தாறு என்று வகுப்பே எண்ணியது. அதிகாரியின் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன்.

முடிந்ததும் அவர் எழுந்து வளர்மதியிடம், “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பேனாவை நீட்டினார். வளர்மதி எழுதிக் கொடுத்ததைப் படித்தார். மாலதியைத் திரும்பிப் பார்த்தார்.

“சொல்லும்மா. உன் குறை என்ன?”

மாலதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். 

“வெளிநாட்டுல இருக்கிறவங்க குரல்தான் அதுல வருமா சார்? எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு. அவரும் நல்லாப் படிப்பாரு.”

அதிகாரி சிரிக்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. மூன்று மாதம் வகுப்பு இப்படியே நடக்கலாம் என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது பானையைத் தட்டிப் பார்த்தார். இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஹெலன் டீச்சரிடம் கேட்டார். ஹெலன் டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில், வாரத்துக்கு ஓர் அதிகாரி வரும் நாள் தூரமில்லை என்று தெரிந்தது.

சனிக்கிழமை நான் கிளம்பினேன். வளர்மதி ஒரு பொட்டலம் முறுக்கும் ஒரு நீண்ட கடிதமும் கொடுத்தார். கடிதத்தில் ஐந்து நாள் சொல்ல முடியாமல் சேர்த்து வைத்த வம்பெல்லாம் இருந்தது. அதில் யார் யாரைப் பற்றி என்ன என்பதை இங்கே எழுத முடியாது.

மார்ச் மாதம் ஒரு நாள் ஈப்போவில், எங்கள் ஆசிரியர் அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது புதுப் போனில் ஒரு ஒலிப்பதிவு வந்தது. ராமநாதன் சார் எண். திறந்தேன். ஒரு பெண் குரல், தாழ்ந்து, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமே இல்லாமல் பேசியது.

“மேடம், நான் வளர்மதி. பேசலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா கத்தக் கூடாதாம், எப்பவுமே. இவ்வளவுதான் இனிமே என் சத்தம். திருப்பூர்ல மூணு பேரு, சென்னைல ஒருத்தரு புதுசா படிக்கிறாங்க. நிறுத்திக்கலாம்னு சொன்னா அவங்க விட மாட்டேங்குறாங்க. செல்வம் மட்டும் ஏழாம் வாய்ப்பாட்டைத் திருத்திப் படிச்சு அனுப்பிட்டாரு, புள்ளைங்களுக்குப் பழசுதான் வேணுமாம்.” பின்னால் பெஞ்சுகள் தள்ளுகிற சத்தம், ஒரு டப்பா விழுந்து உருளுகிற சத்தம், முப்பது பேர் பேசுவது போன்ற இரைச்சல். “ஒரு நிமிஷம் மேடம்,” என்றார். பிறகு குரலை ஏற்றாமல், என்னிடம் பேசிய அதே சத்தத்தில், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போலச் சொன்னார்:

“பாடம் ஆரம்பிக்கலாமா?”

அதற்குப் பிறகு பதிவு பதினோரு வினாடி ஓடியது. ஒரு சத்தமும் இல்லை. போன் பழுதாகிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அப்போதும் அதேதான். இருபத்திரண்டு பிள்ளைகள் உள்ள மூன்றாம் வகுப்பில், பதினோரு வினாடி. ஆசிரியர் அறையில் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். ஒருவரும் நம்பவில்லை.